என்ஜினை நிறுத்தினால்தான் காது கேட்கும்

மன்னார்குடியிலிருந்து கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, தெருவில் நிற்கிற காரையே சாட்டிலைட்டில் பார்க்கிற காலத்தில், எழுபது மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புக் கப்பல் கடலுக்குள் போவதை ஏன் பார்க்க முடியவில்லை? சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்கிறார்கள், அதுவும் ஏன் அடிக்கடி ஏமாற்றிவிடுகிறது? நம்ம நாகை, காரைக்கால் பக்கமெல்லாம் நீர்மூழ்கி வருமா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கடற்படைக்காரன் இல்லை. அக்கரைப்பேட்டையில் விசைப்படகுகளுக்கு எக்கோ சவுண்டர் (சத்தம் அனுப்பி, எதிரொலியை வைத்து ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டுகிற மிஷின்), வயர்லெஸ், ஜிபிஎஸ் பழுது பார்க்கிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் 61 நாளும் எனக்குத் தலைக்கு மேல் வேலை, மற்ற மாதங்களில் கொஞ்சம் படிக்க நேரம் கிடைக்கும். கடலுக்கடியில் சத்தம் எப்படிப் போகிறது என்பது எனக்குப் பாதி பிழைப்பு, பாதி பைத்தியம். அதனால் பதில் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு படகு ஓனர், "மிஷின் கெட்டுப்போச்சு, திரை முழுக்க ஒரே பொரியா வருது" என்று வந்து நின்றார். கரையில் கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. படகிலேயே ஏறி ஆற்றுவாயைத் தாண்டிப் போனோம். டிரைவர் வேகம் கொடுத்ததும் திரையில் மேலிருந்து கீழ்வரை புள்ளிப் புள்ளியாகக் குப்பை, அடித்தரை எங்கே என்றே தெரியவில்லை. "கொஞ்சம் மெதுவா விடுங்க" என்றேன், குப்பை குறைந்தது. "நியூட்ரல் போடுங்க" என்றேன். சேற்றுத் தரை திரையில் கெட்டியான சிவப்புக் கோடாக, கோலம் போட்ட மாதிரி வந்து உட்கார்ந்தது. மிஷினில் கோளாறு இல்லை. அடிப்பலகை ஓரமாக ஓடிய காற்றுக்குமிழியும், படகைத் தள்ளுகிற விசிறியின் சத்தமும், என்ஜின் அதிர்வும் சேர்ந்து அதன் காதை அடைத்திருக்கின்றன. படகு அடியில் சத்தம் போட்டுக் கேட்கிற டிரான்ஸ்டியூசரை நாலடி முன்னால் தள்ளி மாட்டினேன், சரியாகிவிட்டது. நூறு வருஷமாக உலகத்துக் கடற்படைகள் எல்லாம் மல்லுக்கட்டுகிற பிரச்சினையும் இதேதான். கேட்க வேண்டுமென்றால் முதலில் தன் வாயை மூட வேண்டும்.

சரி, முதல் கேள்வி. ஏன் பார்க்க முடியாது? வெளிச்சம் தண்ணீரில் வெகு சீக்கிரம் செத்துவிடும். நல்ல தெளிந்த நடுக்கடலிலேயே 200 மீட்டருக்குக் கீழே கிட்டத்தட்ட இருட்டுதான். நம்ம கரையோரத்தில் ஐப்பசி மழைக்குப் பிறகு இறங்கினால் முழங்காலே தெரியாது. ரேடார், வயர்லெஸ் எல்லாம் ரேடியோ அலை, உப்புத் தண்ணீர் அதை அப்படியே குடித்துவிடும். மிகக் குறைந்த அதிர்வெண் உள்ள ரேடியோ அலை மட்டும் சில பத்து மீட்டர் இறங்கும். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்று ஒரு கடற்படை நிலையம் 1990 முதல் இருக்கிறதே, அதன் வேலையே அந்த அலையில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதுதான். அதுவும் ஒருவழி, அதுவும் தந்தி மாதிரி சுருக்கமாக. அந்த அலையை வைத்து எதையும் தேட முடியாது. ஆக, தண்ணீருக்குள் தூரம் போகக்கூடியது சத்தம் ஒன்றுதான். அது காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும், நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர்.

சின்ன வயதில் குளத்தில் முங்கிக்கொண்டு இரண்டு கூழாங்கல்லைத் தட்டி விளையாடியிருப்பீர்கள். அக்கரைப் படித்துறையில் ஒருவன் தட்டினால் காதுக்குள்ளேயே தட்டுகிற மாதிரி கேட்கும். ஆனால் எந்தப் பக்கமிருந்து தட்டுகிறான் என்று சொல்லவே முடியாது. நம் மூளை திசையைப் பிடிப்பது ஒரு காதுக்கும் மறு காதுக்கும் சத்தம் வந்து சேருகிற நேர வித்தியாசத்தையும் கணக்கில் வைத்துத்தான். தண்ணீரில் சத்தத்தின் வேகம் நாலு மடங்கு, வித்தியாசம் கால்வாசியாகிவிடும், மூளை குழம்பிவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1826-ல் ஜெனீவா ஏரியில் கொலாடோன் என்ற இளைஞர் இந்த வேகத்தை அளந்தார். ஒரு படகிலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்ட மணியை அடிப்பார்கள், அதே நொடியில் வெடிமருந்து பளிச்சென்று எரியும். பதின்மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு படகில் அவர் ஒரு நீளக் குழலைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் உள்ள நேரத்தை எண்ணுவார். கிடைத்த விடை நொடிக்கு 1,435 மீட்டர். எட்டு டிகிரி குளிர்ந்த நன்னீருக்கு அது இன்றைய அளவோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அதற்குப் பிறகு எண்பது, தொண்ணூறு வருஷம் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தேவை வரவில்லை.

தேவை வந்த தேதியைக்கூடச் சொல்லலாம்: 1914 செப்டம்பர் 22. அன்று ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது எம்டன் என்ற ஜெர்மன் கப்பல். "சரியான எம்டன்டா நீ" என்று நம்ம தாத்தா பாட்டிகள் திட்டினது அந்தக் கப்பலின் பேரைச் சொல்லித்தான். அது மேலே ஓடுகிற போர்க்கப்பல், நீர்மூழ்கி இல்லை, நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் அதே தேதி காலையில், வட கடலில், யு-9 என்ற சின்ன ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று மூன்று பெரிய பிரிட்டிஷ் குரூஸர்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் வரிசையாக மூழ்கடித்தது. முதல் கப்பல் கண்ணிவெடியில் மாட்டியது என்று நினைத்து மற்ற இரண்டும் நின்று ஆள்களைத் தூக்கப் போயின, நின்றதும் அவையும் போயின. 1,400-க்கும் மேல் செத்தார்கள். நம்ம ஊரில் எம்டன் பழமொழியாகிவிட்டது, ஆனால் உலகத்துக் கடற்படைகளின் தூக்கத்தைக் கெடுத்தது யு-9.

அப்புறம்தான் அவசர அவசரமாகக் காது தேட ஆரம்பித்தார்கள். தண்ணீருக்குள் இறக்கும் மைக்குக்கு ஹைட்ரோபோன் என்று பெயர். அமெரிக்கர்கள் 1917-ல் செய்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அதில் மின்சாரமே கிடையாது. ஒரு குறுக்குக் குழாய், அதன் இரண்டு முனையிலும் ரப்பர் உருண்டை, அங்கிருந்து டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாதிரி இரண்டு குழாய் மேலே வந்து இரண்டு காதில் ஏறும். ரப்பர் உருண்டைகளைத் தலையின் அகலத்தைவிட வெகுதூரம் தள்ளி வைத்ததால் குளத்தில் தொலைந்துபோன அந்த நேர வித்தியாசம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. குழாயைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், சத்தம் நடுமண்டையில் வந்து நிற்கும்போது எதிரி நேர் எதிரே. எவ்வளவு எளிமை பாருங்கள்.

ஆனால் கேட்கிற கப்பல் என்ஜினை நிறுத்த வேண்டும். ஓடினால் தன் சத்தம்தான் கேட்கும். நின்றால் யு-9 கதையில் நின்ற கப்பல்கள் மாதிரி டார்பிடோவுக்கு இரை. ஓடினால் செவிடு, நின்றால் சாவு என்று ஒரு நிலைமை. அந்தக் காலத்தில் பிரிட்டனில் என்னென்ன முயற்சி செய்தார்கள் தெரியுமா? கடல் சிங்கங்களுக்குப் பயிற்சி கொடுத்து நீர்மூழ்கி பின்னால் போக வைக்கப் பார்த்தார்கள். அணுவைப் பிளந்து புகழ்பெற்ற ரூதர்ஃபோர்டும் இந்தக் குழுவில் இருந்தார். சுருதி சுத்தமாகக் கேட்கிற ஒரு பிரபுவைப் படகிலிருந்து காலைப் பிடித்துத் தலைகீழாகத் தண்ணீருக்குள் இறக்கி, நீர்மூழ்கி என்ன ஸ்வரத்தில் முனகுகிறது என்று கேட்டு வரச் சொன்னார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம்ம தஞ்சாவூரில் அப்படி ஆள் பிடிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

காத்திருந்து கேட்பது சரிப்படவில்லை, நாமே ஒரு சத்தம் போட்டு எதிரொலியைப் பிடிக்கலாம் என்ற வழியில் போனவர் பிரெஞ்சு இயற்பியல்காரர் லாஞ்செவின். குவார்ட்ஸ் கல்லை அழுத்தினால் மின்சாரம் வரும், மின்சாரம் கொடுத்தால் அது விரிந்து சுருங்கும். 1880, 81-ல் கியூரி சகோதரர்கள் சோதித்துக் காட்டிய சங்கதி இது. லாஞ்செவின் அந்தக் கல்லை இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் வைத்துத் தண்ணீருக்குள் அடித்தார், 1918-ல் நீர்மூழ்கியிலிருந்து எதிரொலி வாங்கிவிட்டார். நான் படகு அடியில் மாட்டுகிற டிரான்ஸ்டியூசரும் அதன் பேரப்பிள்ளைதான், கல்லுக்குப் பதில் பீங்கான் வில்லை, அவ்வளவு. கரையில் வைத்து சோதிக்கும்போது அதன் மேல் விரலை வைத்தால் டிக், டிக் என்று லேசாகத் துடிப்பது தெரியும். 50 கிலோஹெர்ட்ஸில் போட்டால் ஆழம் இறங்கும், 200-ல் போட்டால் ஆழம் போகாது, ஆனால் இறாலும் கவலை மீனும் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு நுணுக்கம் வரும். தண்ணீருக்குள் சத்தத்தால் தேடுகிற கடற்படைக் கருவியான சோனாரிலும் இதே பேரம்தான், தூரம் வேண்டுமா நுணுக்கம் வேண்டுமா என்று.

எதிரொலி முறைக்குப் பிரிட்டிஷார் ஆஸ்டிக் என்று பெயர் வைத்தார்கள். நீர்மூழ்கிகள் கப்பல்களைச் சரமாரியாக மூழ்கடித்த 1917 மாதிரி நிலைமை இனி வராது என்று இரண்டாம் போருக்கு முன் ரொம்ப நம்பிக்கையாக இருந்தார்கள். போர் வந்தது, ஜெர்மன்காரர்கள் ராத்திரியில் நீர்மூழ்கியைத் தண்ணீருக்கு மேலேயே ஓட்டி வந்து அடித்தார்கள். தண்ணீருக்குள் தேடுகிற ஆஸ்டிக், மேலே மிதக்கிறதைப் பிடிக்கவில்லை. அது போகட்டும். பெரிய சங்கடம் வேறு. வயலில் காவல் கிடக்கிறவன் இருட்டில் "யார்ரா அது" என்று கத்தினால், திருடன் பதில் சொல்கிறானோ இல்லையோ, காவல்காரன் எங்கே நிற்கிறான் என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். உங்கள் சத்தம் எதிரியைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும், அவன் காதுக்கு ஒருவழிதான். ஆகவே நீங்கள் அவனைப் பிடிப்பதற்கு வெகுமுன்னாலேயே அவன் உங்களைக் கேட்டுவிடுவான்.

இதைத் தலைகீழாக்கிப் பயன்படுத்தியவர் வாக்கர் என்ற பிரிட்டிஷ் கேப்டன். ஒரு கப்பல் ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் நின்று ஆஸ்டிக் அடித்துக்கொண்டே இருக்கும். நீர்மூழ்கிக்காரன் அந்தச் சத்தத்தைக் கேட்டு "எதிரி தூரத்தில்தான் இருக்கிறான்" என்று நிம்மதியாக இருப்பான். இரண்டாவது கப்பல் தன் ஆஸ்டிக்கை அணைத்துவிட்டு, பூனை மாதிரி மெதுவாக ஊர்ந்து, முதல் கப்பல் சொல்கிற திசையில் வந்து சரியாக அவன் தலைக்கு மேல் வெடிகளை இறக்கும். ஜெர்மன்காரர்களும் சும்மா இல்லை. தண்ணீர் பட்டால் நுரைத்துப் பொங்குகிற ஒரு ரசாயன டப்பாவை வெளியே தள்ளிவிடுவார்கள், கோலி சோடா உடைத்த மாதிரி குமிழிக் கூட்டம் நிற்கும், ஆஸ்டிக்குக்கு அது ஒரு நீர்மூழ்கி. நான் சொன்ன படகு ஓனரின் திரையில் வந்த குப்பை ஞாபகம் இருக்கிறதா, அதே குமிழிதான் இங்கே ஆயுதம்.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில். ஏன் ஏமாற்றுகிறது? சத்தம் தண்ணீரில் நேராகப் போவதில்லை, வளைகிறது.

1937 வாக்கில் செம்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் கியூபா பக்கம் சோனார் சோதனை செய்துகொண்டிருந்தது. காலையில் அருமையாக வேலை செய்யும். மதியம் ஆனால் பக்கத்தில் இருக்கிற நீர்மூழ்கிகூடக் கிடைக்காது. சாப்பிட்டுவிட்டு ஆள்கள் தூங்கி வழிகிறார்கள் என்றுகூட முதலில் சந்தேகப்பட்டார்களாம். (நம்ம டெல்டாவில் அந்தச் சந்தேகம் நியாயமாகவே இருந்திருக்கும்.) உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தின் ஐஸ்லின் வந்து தண்ணீரின் சூட்டை ஆழவாரியாக அளந்து பார்த்ததும் விஷயம் தெரிந்தது. வெயிலில் மேல் ஐந்து, பத்து மீட்டர் தண்ணீர் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடச் சூடாகிவிடுகிறது. சித்திரை மாதம் குளத்தில் இறங்கினால் மார்பளவு வெதுவெதுப்பாகவும் காலடியில் சில்லென்றும் இருக்குமே, அதேதான். சூடான தண்ணீரில் சத்தம் வேகமாகப் போகும், குளிர்ந்ததில் மெதுவாக. மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? சேற்றுப் பக்கம்தானே. சத்தமும் அப்படித்தான், மெதுவான பக்கமாகத் திரும்பும், அதாவது கீழ்நோக்கி வளைந்துவிடும். கொஞ்ச தூரத்துக்கு அப்பால் மேல்தண்ணீரில் சத்தமே போகாத ஒரு நிழல் விழுகிறது. அந்த நிழலில் நீர்மூழ்கி நின்றால் நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து சோனார் வாங்கியிருந்தாலும் ஒன்றும் கேட்காது.

ஸ்பில்ஹாஸ் என்பவர் இதற்காக ஒரு சின்னக் கருவி செய்தார். புகை பிடித்த கண்ணாடித் துண்டின் மேல் ஒரு முள் கீறிக்கொண்டே இறங்கும், ஆழத்துக்கு ஆழம் சூடு எவ்வளவு என்று கோடு கிடைக்கும். போரில் இதை வேட்டைக்காரக் கப்பலும் வைத்திருந்தது, நீர்மூழ்கியும் வைத்திருந்தது. ஒருவருக்கு எங்கே தேட வேண்டும் என்று சொல்லும், இன்னொருவருக்கு எங்கே ஒளிய வேண்டும் என்று சொல்லும்.

அந்த வளைவே ஆழ்கடலில் ஒரு அதிசயம் செய்கிறது. கீழே போகப் போகக் குளிர்ச்சியால் வேகம் குறையும். இன்னும் கீழே போனால் தண்ணீரின் அழுத்தத்தால் வேகம் திரும்பக் கூடும். நடுவில் ஒரு மட்டத்தில் வேகம் எல்லாவற்றையும்விடக் குறைவு, பல கடல்களில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில். அங்கே போட்ட சத்தம் மேலே ஏறப் பார்த்தால் கீழே வளையும், கீழே இறங்கப் பார்த்தால் மேலே வளையும். இரண்டு பக்கமும் கரை கட்டிய வாய்க்கால் மாதிரி, சிந்தாமல் சிதறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். 1944-ல் யூயிங், வோர்செல் என்ற அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் இருவரும் நாலு பவுண்டு வெடி ஒன்றை இதில் வெடித்து 900 மைலுக்கு அப்பால் கேட்டார்கள். 1960-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கம் போட்ட வெடி, பாதி உலகம் தாண்டி அட்லாண்டிக்கில் பெர்முடாவில் கேட்டது. போய்ச் சேர மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது.

அமெரிக்கக் கடற்படை இதைப் பார்த்ததும், எதற்குக் கப்பலிலிருந்து கேட்க வேண்டும், கரையிலேயே உட்கார்ந்து கேட்கலாமே என்று யோசித்தது. கப்பல் என்றால் என்ஜின், அலை, ஆட்டம். கடல் தரையில் கிடக்கிற மைக்குக்கு எதுவும் இல்லை. 1952 ஜனவரியில் பஹாமாஸின் எலூதெராத் தீவுக்கு அப்பால் 40 ஹைட்ரோபோன்களை ஆயிரம் அடி நீளத்துக்கு வரிசையாகத் தரையில் பரப்பிக் கேபிள் இழுத்தார்கள். சோசஸ் என்று பின்னால் பேர் பெற்ற வலை அங்கிருந்து வளர்ந்தது. அட்லாண்டிக், பசிபிக், அப்புறம் சோவியத் நீர்மூழ்கிகள் வெளியே வர வேண்டிய கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, பிரிட்டன் இடைவெளி. நாற்பது வருஷம் ரகசியம், 1991-ல்தான் வெளியே சொன்னார்கள்.

அங்கே வேலை பார்த்தவர்கள் காதில் கேட்டது குறைவு, கண்ணால் பார்த்ததுதான் அதிகம். சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்து ஒரு சுருள் தாளில் எரித்து எரித்துக் கோடாக வரையும் கருவி. நம்ம ஊரில் திண்ணையில் படுத்திருக்கிற பெரியவர் கண்ணைத் திறக்காமலே "அது மேலத்தெரு டீசல் என்ஜின், இது கீழக்கரை மோட்டார்" என்று சொல்வார் அல்லவா, அதன் எழுத்து வடிவம் அது. விசிறியில் ஐந்து இதழ், நிமிடத்துக்கு 120 சுற்று என்றால் நொடிக்குப் பத்து அடி, தாளில் பத்து ஹெர்ட்ஸில் ஒரு கோடு விழும். பம்பு ஒரு கோடு, ஜெனரேட்டர் ஒரு கோடு. சோவியத் கப்பலில் மின்சாரம் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ், அமெரிக்கக் கப்பலில் 60. டிரான்ஸ்ஃபார்மர் முனகலை வைத்தே எந்த நாட்டுக்காரன் என்று சொல்லிவிடலாம்.

இந்தக் காதுகள் சாவையும் கேட்டன. 1963 ஏப்ரலில் த்ரெஷர் என்ற அமெரிக்க நீர்மூழ்கி 129 பேருடன் நொறுங்கிய சத்தம் பதிவானது. 1968 மார்ச்சில் சோவியத்தின் கே-129 நீர்மூழ்கி பசிபிக்கில் மூழ்கியது. சோவியத் கடற்படை தேடித் தேடிக் கைவிட்டது, அமெரிக்கா பழைய ஒலிப்பதிவுகளைப் புரட்டி இடத்தைக் கண்டுபிடித்து, 1974-ல் ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அதில் ஒரு பகுதியைத் தூக்கியே விட்டது.

அப்புறம் ஏன் இன்னமும் தப்பிக்கிறார்கள் என்றால், சோவியத்துக்கு ஒருநாள் தெரிந்துவிட்டது. ஜான் வாக்கர் என்ற அமெரிக்கக் கடற்படை ஆள் (மேலே சொன்ன கேப்டனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) 1968 வாக்கிலிருந்து 1985-ல் பிடிபடும்வரை ரகசியங்களை விற்றுக்கொண்டிருந்தார். தங்கள் கப்பல் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்பது அதன் மூலம் அவர்களுக்குப் புரிந்ததாகச் சொல்கிறார்கள். எந்திரங்களை ரப்பர் மெத்தை மேல் உட்கார வைத்தார்கள், உடம்புக்கு ரப்பர் ஓடு ஒட்டினார்கள், விசிறிகளை மழமழவென்று செதுக்க ஜப்பான் எந்திரங்களைத் தடையை மீறி வாங்கினார்கள், அது 1987-ல் பெரிய வில்லங்கமாக வெடித்தது. என்னைக் கேட்டால் உளவாளி கதையைவிட அந்த விசிறிக் கதைதான் முக்கியம். விசிறி வேகமாகச் சுற்றினால் இதழுக்குப் பின்னால் தண்ணீர் கிழிந்து குமிழி உண்டாகும், அது உடைகிற சத்தம்தான் பெரிய சத்தம். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது நம்ம விசிறி இதழ்களில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருக்குமே, அது அந்தக் குமிழி கடித்த இடம்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1971 டிசம்பர் 9 அன்று டையூ பக்கம் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கியது, கேப்டன் முல்லாவும் சேர்த்து 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். நீர்மூழ்கி வேட்டைக்கென்றே கட்டின கப்பல் அது, நீர்மூழ்கியைத் தேடித்தான் போயிருந்தது. பாகிஸ்தானின் ஹேங்கர் என்ற நீர்மூழ்கி அதற்கு முன்னால் இதைக் கேட்டுவிட்டது. அதன் பிறகு சோனாரை நாமே செய்ய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. கொச்சியில் உள்ள என்பிஓஎல் என்ற டிஆர்டிஓ ஆய்வகம் கப்பலுக்கு ஹம்சா, நீர்மூழ்கிக்கு உஷஸ் என்று வரிசையாகச் செய்திருக்கிறது. அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளியிலிருந்து 2013 முதல் பி-8ஐ என்ற நீர்மூழ்கி தேடும் விமானங்கள் பறக்கின்றன. சோனோபாய் என்ற மிதவை மைக்குகளைக் கடலில் விதை தெளிக்கிற மாதிரி போட்டுவிட்டு, அவை கேட்டு ரேடியோவில் சொல்வதை மேலிருந்தே வாங்கிக்கொள்ளும். விமானத்தின் சத்தம் எவ்வளவு இருந்தால் என்ன, காது தண்ணீரில் தனியாக, அமைதியாக மிதக்கிறது. நிறுத்தாமலே நிறுத்திக் கேட்கிற வித்தை.

வங்காள விரிகுடாவுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. கங்கை, பிரம்மபுத்ரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று அத்தனை ஆறும் நன்னீரைக் கொட்டுகின்றன, அது லேசு என்பதால் உப்புத் தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி பரவி நிற்கும். (நம்ம காவிரியையும் பட்டியலில் சேர்க்க ஆசைதான், பூம்புகாரில் அது கடலைத் தொடுகிற கோலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.) உப்பு குறைந்தால் சத்தத்தின் வேகமும் குறையும், பனிக்காலத்தில் சில இடங்களில் மேலே குளிர்ச்சி, கீழே சூடு என்று தலைகீழாகவும் இருக்கும். அட்லாண்டிக்கில் எழுதின கணக்கு இங்கே அப்படியே செல்லாது. மாதத்துக்கு மாதம், ஆற்றுவாய்க்கு ஆற்றுவாய் மாறும்.

ஆழம் குறைந்த கரைக்கடல் இன்னும் மோசம். சத்தம் தரையிலும் மேல்தளத்திலும் மாறி மாறி மோதிச் சிதறும். பேட்டரியில் ஓடுகிற டீசல் நீர்மூழ்கி மெதுவாகப் போனால் அது போடுகிற சத்தம் மிகக் குறைவு, சுற்றியுள்ள இரைச்சலோ ஏராளம். அந்த இரைச்சலை நான் கேட்டிருக்கிறேன். பதினைந்து வருஷம் முன்னால் ஒரு நாட்டுப்படகில் போனபோது, கூட வந்த பெரியவர் மோட்டாரை அணைக்கச் சொல்லி, துடுப்பை நேராகத் தண்ணீரில் இறக்கி, பிடியின் நுனியைக் காதெலும்பில் வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம் கழித்து என்னிடம் நீட்டினார். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சடசடப்பு, நிற்கவே இல்லை. அதற்கும் கீழே, உடுக்கையை விரலால் மெல்லத் தட்டினது போல நாலு நாலாக ஒரு அடி. "கத்தாழை" என்றார். அந்த மீன் வயிற்றுக் காற்றுப்பையை அதிர வைத்துச் சத்தம் போடும்.

கடுகு வெடித்தது சொடுக்கு இறால், விரல் நீளம்கூட இருக்காது. ஒரு பக்கக் கொடுக்கைப் படாரென்று மூடும்போது தண்ணீர் பீய்ச்சி ஒரு குமிழி உண்டாகி உடையும். கொடுக்கு மோதுகிற சத்தம் இல்லை, குமிழி உடைகிற சத்தம்தான் என்று 2000-ல்தான் நிரூபித்தார்கள். இரண்டாம் போரில் அமெரிக்கர்கள் இது என்ன சத்தம் என்று தெரியாமல் ஆராய்ச்சிக்காரர்களைக் கூப்பிட, இறால் என்று தெரிந்தது. பிறகு தங்கள் நீர்மூழ்கிகள் இந்த இரைச்சலுக்குள் ஒளிந்துபோக அதையே பயன்படுத்திக்கொண்டார்கள் என்பார்கள்.

கடைசிக் கேள்வி, இங்கே வருமா? கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணையில் வராது. அங்கே பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம்தான், சாதாரண டீசல் நீர்மூழ்கியின் அடியிலிருந்து கோபுரம் வரைக்குமே பன்னிரண்டு மீட்டருக்கு மேல் வேண்டும். காரைக்கால், தரங்கம்பாடிக்கு நேர் கிழக்கே போனால் ஆழம் கிடுகிடுவென்று இறங்கிவிடும், அங்கே தாராளமாகப் போகலாம். போனால் நமக்குத் தெரியாது.

தெரிய வருவது வலையில் மாட்டினால்தான். 1990 நவம்பரில் ஸ்காட்லாந்துப் பக்கம் ஆன்டாரஸ் என்ற மீன்பிடிப் படகின் வலையில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று சிக்கி, படகோடு நாலு பேரும் போனார்கள். நம்ம நாட்டிலேயே 2024 நவம்பரில் கோவாவுக்கு அப்பால் ஒரு மீன்பிடிப் படகும் கடற்படை நீர்மூழ்கியும் மோதிக்கொண்டன, 13 பேரில் 11 பேரைக் காப்பாற்றினார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் இங்கே ஒரு டிரைவர் என்னிடம், "நாம ஓட்டுற சத்தம் ஊருக்கே கேட்குது, அவ்ளோ பெரிய சோனார் வச்சிருக்கிறவனுக்குக் கேட்காதா?" என்றார். கோவாவில் நடந்ததைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, பொதுவாகச் சொன்னேன்: ஐம்பது படகு ஒரே இடத்தில் ஓடினால் எது எவ்வளவு தூரத்தில் என்று பிரிப்பது கஷ்டம், அதுவும் காதால் மட்டும் கேட்கும்போது திசை தெரியும், தூரம் சட்டென்று தெரியாது. நீர்மூழ்கிக்கு முதுகுக்குப் பின்னால் அதன் விசிறியே காதை மறைக்கும், அதனால்தான் அவர்கள் அவ்வப்போது திரும்பி நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். வலை இழுக்கும்போது படகு திடீரென்று பின்னால் போனால் யோசிக்காமல் கம்பியை விட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரிண்ணே, நாம என்ஜினை நிறுத்திட்டுக் கேட்கலாம்னா, இப்ப எந்த விசைப்படகுல துடுப்பு வச்சிருக்கோம்?" என்றார்.